கோகிலா முகத்தைத் திருப்பிக்கொண்டது ஏன்

சரவணா,

நாக்பூர் சைட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நீ வையம்பட்டியில் கோகிலாவின் அம்மா வீட்டுக்குப் போய் அவளையும் பாப்பாவையும் பார்த்துவிட்டு வந்தாய். வந்ததும் சாப்பிடக்கூட உட்காராமல் சமையலறை வாசலிலேயே நின்றாய். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அம்மா, கோகிலாவுக்கு பாப்பா மேல பாசமே வரலையோன்னு பயமா இருக்கும்மா" என்றாய். ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டதற்கு, பாப்பா பாலுக்கு அழுதால் கோகிலா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள் என்றாய். சம்பந்தியம்மா குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தால் அவள் உடம்பு விறைத்துப்போகிறது, நீ பக்கத்தில் உட்கார்ந்தால் 'கொஞ்சம் வெளிய இருங்களேன்' என்கிறாள் என்றும் சொன்னாய். பிள்ளை பெற்ற சில பெண்களுக்கு மனம் சோர்ந்துபோகும் என்று எங்கோ படித்திருக்கிறாய். அதுவாக இருக்குமோ என்று உனக்குப் பயம். "நான் போய் பாத்துட்டு வரேன், நீ நிம்மதியா கிளம்பு" என்று மட்டும் சொல்லி உன்னை அனுப்பிவைத்தேன்.

போய்ப் பார்த்தேன். அதன் பிறகு போனில் உனக்குச் சொன்னது, "மார்ல கொஞ்சம் புண்ணுப்பா, டாக்டர்ட்ட காட்டியாச்சு, சரியாயிடும்" என்ற அளவுதான். வேற்றூரில் இரும்புச் சாரத்தின் மேல் ஏறி நின்று வேலை பார்க்கிறவனிடம் முழுவதையும் சொல்லிப் பதற வைக்க எங்கள் யாருக்கும் மனமில்லை. இப்போது எல்லாம் தணிந்துவிட்டது. அடுத்த வாரம் நீ வருகிறாய், கோகிலாவும் பாப்பாவும் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வருகிறார்கள். அதற்கு முன் நடந்தது முழுவதும் உனக்குத் தெரிய வேண்டும். நேரில் சொல்ல ஆரம்பித்தால் முதல் வார்த்தையிலேயே 'சரிம்மா, சரிம்மா' என்று செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாய் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். கோகிலாவிடம் கேட்டுக்கொண்டேன். "எழுதுங்க அத்தை. நான் சொன்னா அவருக்குப் புகார் மாதிரி கேக்கும்" என்றாள். உன் கூட்டாளிகளில் அடுத்தடுத்து அப்பாவாகப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கும் படிக்கக் கொடு என்று சொன்னதும் அவள்தான்.

முலைக்காம்பில் வெடிப்பு. விஷயம் இதுதான். இந்தச் சொல்லை எழுதுவதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை, உனக்கும் வேண்டாம். பாலக்கரை மெடிக்கல் ஷாப்பில் இத்தனை வருஷம் பார்மசிஸ்டாக நின்றவளுக்கு உடம்பில் எல்லா இடமும் ஒன்றுதான். அங்கே நான் பார்த்த புருஷர்களைச் சொன்னால் சிரிப்பாய். கவுண்டரில் கூட்டம் குறைகிறவரைக்கும் ஓரமாக நின்று ஹார்லிக்ஸ் பாட்டிலை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு கிட்டே வந்து, "மேடம், வீட்ல... குழந்த பொறந்திருக்கு... இங்க..." என்று தங்கள் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுவார்கள். ஒருவருக்கு நெஞ்சுவலியாக்கும் என்று நான் பயந்து ஸ்டூலை எடுத்துப் போட்டேன். பெண்களோ அதுகூடச் சொல்ல மாட்டார்கள். 'உதட்டு வெடிப்புக்கு ஒரு களிம்பு' என்று கேட்பார்கள். உதட்டைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும்.

நீ கிளம்பிப் போன மறுநாள் காலையில் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ் பிடித்தேன். கைப்பையில் வெடிப்புக்குப் பூசுகிற சுத்தமான லானோலின் களிம்பு ஒன்றை வைத்திருந்தேன். நீ சொன்ன அடையாளங்களைக் கேட்டபோதே எனக்குப் பாதி சந்தேகம் வந்திருந்தது. மணப்பாறை தாண்டி வையம்பட்டியில் இறங்கி வீட்டுக்குப் போனால், சம்பந்தியம்மா வாசலில் வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க சம்பந்தி, வாங்க. சொல்லியிருந்தா பஸ் ஸ்டாப்புக்கு வண்டி அனுப்பியிருப்பேனே" என்று கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே அழைத்துப் போனார். கோகிலா கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். ரவிக்கை மார்பில் படாதபடி ஒரு கையால் துணியைச் சற்று முன்னே இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அதை நீயும் பார்த்திருப்பாய். அது என்னவென்று உனக்குத் தெரிந்திருக்காது.

பாப்பா அழுதது. சம்பந்தியம்மா தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்தார். கோகிலா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். நீ சொன்னது அப்படியே நடந்தது. ஆனால் நீ முகத்தைத்தான் பார்த்தாய், நான் காலைப் பார்த்தேன். கால்விரல்கள் பத்தும் உள்ளே மடங்கின. குழந்தை வாய் வைத்ததும் அவள் தோள் காதுவரைக்கும் ஏறிற்று. துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வழிய வழிய, ஒரு கையால் குழந்தையின் தலையை மட்டும் மெதுவாகத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். நெருப்பில் கையை வைத்துக்கொண்டு இருக்கிற மாதிரி அந்த வலியில் இருந்துகொண்டு, குழந்தை அழுத ஒவ்வொரு முறையும் அவள் பால் கொடுத்திருக்கிறாள். அந்த வலி குழந்தைக்குத் தெரியக்கூடாது என்றுதான் முகத்தைத் திருப்பியிருக்கிறாள். 'நான் அழறத பாத்தா பாப்பா பயந்துக்கும்ல அத்தை' என்று பிறகு என்னிடம் சொன்னாள். பாசம் இல்லையோ என்று கேட்டாயே, உனக்கு நான் தர வேண்டிய பதில் இதுதான்.

"கோகிலா, எனக்குக் காட்டும்மா" என்றேன்.

"வேணாம் அத்தை. ஒண்ணுமில்ல."

"நான் கடையில தெனம் கேக்கற விஷயம்தான். காட்டு."

சம்பந்தியம்மா நடுவில் வந்தார். "எல்லாருக்கும் வர்றதுதான் சம்பந்தி. எனக்கு மூணு பிள்ளைக்கும் வந்துச்சு. பல்லக் கடிச்சிக்கிட்டு குடுத்தேன், தானா ஆறிடுச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தாங்க முடியல" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு வலி வந்தபோது யாரும் வேறு வழி சொல்லவில்லை, அவ்வளவுதான். கோகிலா கதவைச் சாத்தச் சொன்னாள். பிறகு காட்டினாள். இடது பக்கம் சிவந்து தோல் உரிந்திருந்தது. வலது பக்கம் காம்பின் அடியில் பிளவு, கத்தியால் கீறின மாதிரி. ரத்தம் உறைந்து ரவிக்கைத் துணி அதில் ஒட்டியிருந்தது. அதைப் பிரித்தெடுத்ததும் மறுபடி கசிந்தது. நான் கைப்பையைத் திறந்து களிம்பை எடுத்தேன். இதைப் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு பாதிதான் சரி என்பது அன்று மத்தியானமே தெரிந்தது.

அடுத்த முறை பால் குடித்து முடித்ததும் சம்பந்தியம்மா பாப்பாவைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினார். குழந்தை கொஞ்சம் கக்கியது. அவர் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டில் பாலோடு சிவப்பு இழை இழையாக இருந்தது. "ஐயோ, ரத்தம் கக்குது!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்த உன் மாமனார் கைத்தெளிப்பானை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். கோகிலாவுக்கு அழுகைகூட வரவில்லை. "என்னாலயா? என் பால்ல ஏதாவது இருக்கா அத்தை?" என்று என் கையைப் பிடித்தாள்.

காம்பிலிருந்து கசிந்த ரத்தத்தைத்தான் குழந்தை விழுங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவதை நம்பிக்கொண்டு பச்சைக்குழந்தையை வீட்டில் வைத்திருக்க முடியுமா? குழந்தை ரத்தம் கக்கினால் காரணத்தை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதை நீயும் மனதில் வைத்துக்கொள். உன் மாமனார் ஊரில் தெரிந்தவரின் காரை வரவழைத்தார். துண்டை அப்படியே ஒரு பாலிதீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். காரில் திருச்சிவரைக்கும் பாப்பா மட்டும் நன்றாகத் தூங்கியது. கோகிலா அதன் மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே குழந்தைகள் டாக்டர் இருந்தார். எங்கள் கடைக்கு வரும் சீட்டுகளில் அவர் கையெழுத்து எனக்குப் பழக்கம், ஆளை அன்றுதான் பார்த்தேன். அவர் முதலில் குழந்தையைப் பார்த்தார். நிறம், வயிறு, வாயின் உள்பக்கம், நாக்குக்கு அடியில் எல்லாம் பார்த்தார். பிறந்த அன்று ரத்தம் உறைவதற்கான ஊசியைத் தொடையில் போட்டார்களா, மலம் கறுப்பாகப் போகிறதா, மூத்திரம் நன்றாகப் போகிறதா என்று கேட்டார். எடை போட்டார். எடை ஏறியிருந்தது, ஆனால் ஏற வேண்டிய அளவுக்கு இல்லை. பிறகு துண்டைப் பார்த்தார், கோகிலாவைப் பார்த்தார்.

"இது பாப்பாவோட ரத்தம் இல்லம்மா. உங்களோடது. வெடிப்புல வர்ற ரத்தம் பாலோட சேந்து போயிருக்கு. பாப்பாவ அது ஒண்ணும் பண்ணாது. நீங்க கொடுக்கறத நிறுத்த வேண்டியதில்ல" என்றார்.

கோகிலா அப்போதுதான் அழுதாள். டாக்டர் அவளை அழ விட்டார். பிறகு, "எப்படிக் கொடுக்கறீங்கன்னு நான் ஒரு தடவ பாக்கலாமா?" என்று கேட்டு, கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

சரவணா, எனக்கு விஷயம் அங்கேதான் பிடிபட்டது. காம்பு வெடிப்பது தோலின் பலவீனத்தால் இல்லை, பெரும்பாலும் குழந்தை வாய் வைக்கிற விதத்தால்தான். கோகிலா குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோனாள். குழந்தை மல்லாந்து படுத்தபடி கழுத்தை மட்டும் திருப்பி, காம்பின் நுனியை மட்டும் கவ்வியது. அப்படிக் கவ்வினால் ஈறும் அண்ணமும் காம்பை நசுக்கிக்கொண்டே இருக்கும். பாலும் சரியாக வராது. அதனால் குழந்தை இன்னும் பலமாக இழுக்கும், இன்னும் நேரம் குடிக்கும், பசி அடங்காமல் மறுபடி அழும். டாக்டர் குழந்தையின் வாயை எடுக்கச் சொன்னார். கோகிலா அப்படியே இழுக்கப் போனாள். "இழுக்காதீங்க. சுண்டுவிரல வாயோரத்துல விட்டு காத்து போகவிடுங்க, தானா விடும்" என்றார். விட்டது. வெளியே வந்த காம்பைக் காட்டினார். ஒரு பக்கமாகத் தேய்ந்த லிப்ஸ்டிக் போலச் சாய்வாக நசுங்கியிருந்தது. "இப்படி வந்தா பிடிப்பு தப்புன்னு அர்த்தம். உருண்டையா வந்தா சரி" என்றார்.

பிறகு கோகிலாவின் முதுகுக்குத் தலையணை வைத்து நன்றாகச் சாய வைத்தார். குழந்தையை முழுசாக அவள் பக்கம் திருப்பி, வயிறோடு வயிறு படும்படி ஒட்டி வைத்தார். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில். குழந்தையின் மூக்குக்கு நேராகக் காம்பு வரும்படி பிடித்து மேலுதட்டைத் தொடச் சொன்னார். "அவசரப்படாதீங்க. கொட்டாவி விடற மாதிரி வாயப் பெருசா தொறக்கும். அப்பப் பாப்பாவ உங்ககிட்ட கொண்டு வாங்க. நீங்க குனிய வேணாம்." பாப்பா இரண்டு முறை சும்மா முனகியது, மூன்றாவது முறை வாயைப் பெரிதாகத் திறந்தது. தாடை முதலில் மார்பில் பதிந்தது. கீழுதடு வெளியே மடிந்தது. காம்பு மட்டுமல்ல, சுற்றியிருக்கும் கறுப்பு வட்டத்தின் கீழ்ப்பகுதியும் வாய்க்குள் போயிற்று. கோகிலா வழக்கம்போல் துண்டைத் தேடினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "வலிக்குது, ஆனா வேற மாதிரி வலிக்குது" என்றாள். புண் ஆறாத வலி அது. ஆரம்பத்தில் சில விநாடி சுருக்கென்று இருந்தால் பரவாயில்லை, குடிக்கிற நேரம் முழுவதும் வலித்தால் எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

களிம்பைக் காட்டினேன். "போடுங்க, நல்லதுதான். ஆனா பிடிப்பு மாறாம இத மட்டும் போட்டா, காலைக் கடிக்கிற செருப்பைக் கழட்டாம கொப்புளத்துக்கு மருந்து போடற கதைதான்" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாரமே கடைக்குப் போன் செய்து, இந்தக் களிம்பு கேட்டு யார் வந்தாலும் குழந்தை எப்படிக் குடிக்கிறது என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ ஒருமுறை காட்டச் சொல்லுங்கள் என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்தேன்.

வலது பக்கம் வெடிப்பு ஆழமாக இருந்ததால் ஓரிரு நாள் அதில் குழந்தையை வைக்க வேண்டாம், கையால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள் என்றார். பீய்ச்சாமல் விட்டால் பால் கட்டிக்கொள்ளும், அது இன்னொரு வேதனை. மற்றபடி அவர் சொன்னவை சின்னச் சின்ன விஷயங்கள். வலி குறைவான பக்கத்தில் முதலில் கொடுப்பது, பசி முற்றி வீறிடும்வரை விடாமல் குழந்தை சப்புக்கொட்டும்போதே பால் கொடுக்க எடுப்பது. குடித்து முடித்ததும் இரண்டு சொட்டுப் பாலைக் காம்பிலேயே தடவிக் காற்றில் காயவிட்டு, அதன் பிறகு களிம்பை மெல்லிசாகப் பூசுவது. சோப்பு அங்கே படக்கூடாது. ரவிக்கைக்குள் வைக்கும் பேட், துணி இரண்டையும் நனைந்த உடனே மாற்ற வேண்டும். துணி ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிரிக்க வேண்டும். வலிக்கு பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தார். மார்பு சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, சீழ் வந்தாலோ, குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தாலோ, பிடிப்பு சரியான பிறகும் வலி குறையாவிட்டாலோ தாமதிக்காமல் வரச் சொன்னார்.

நான் வையம்பட்டியிலேயே தங்கிவிட்டேன். உன் அப்பா இங்கே ஸ்ரீரங்கத்தில் மெஸ் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, போனில் ஒவ்வொரு நாளும் "அங்க எப்படி?" என்று மட்டும் கேட்பார். எது எப்படி என்று சொல்ல மாட்டார். அவருக்கு அந்த வார்த்தை வாயில் வராது. நீ பிறந்தபோதும் வரவில்லை.

உனக்கு இது தெரியாது. நாம் பாலக்கரையில் வாடகை வீட்டில் இருந்தபோது நீ பிறந்தாய். எனக்கும் வலது பக்கம் வெடித்தது. வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சொரசொரப்பான துண்டால் தேய்த்தால் தோல் தடித்து வலி போய்விடும் என்று ஒரு அம்மா சொன்னார். ஒருமுறை தேய்த்துப் பார்த்தேன், கண்ணில் பூச்சி பறந்தது. கடைசியில் இடது பக்கமே கொடுத்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் பால் வற்றிப்போனது. நீ ஒரு பக்கப் பாலிலேயே கொழுகொழுவென்று வளர்ந்தாய். ரவிக்கை தைக்கிற அம்மா மட்டும், "அளவு ரெண்டு பக்கமும் ஒண்ணா வரலியே, நான்தான் தப்பா எடுத்துட்டனா?" என்று பல வருஷம் குழம்பிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் உன் அப்பா என்னிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசியதாக ஞாபகம் இல்லை. ஆனால் ஒன்று செய்தார். நான் பால் கொடுக்கிற நேரம் பார்த்து வாசல்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். குழந்தை பார்க்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும், அவருடைய பெரியப்பாவாகவே இருந்தாலும், "தூங்கறாங்க, சாயங்காலம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ரவிக்கையைத் திறந்துபோட்டுக் காற்றில் புண்ணைக் காயவைக்க எனக்கு ஒரு அறை கிடைத்தது அதனால்தான். வலி தாங்காமல் வாய்விட்டு முனகுவதற்கும் அந்த அறைதான்.

வையம்பட்டியில் எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. இடது பக்கம் சீக்கிரம் தேறியது. வலது பக்கம் நன்றாகிக்கொண்டு வரும்போதே ஒரு நாள் மத்தியானம் கோகிலாவுக்குக் குளிர் தூக்கிப்போட்டது. மார்பின் ஓரத்தில் கட்டியாக, தொட்டால் சுடும்படி சிவந்திருந்தது. வெடிப்பு வழியே கிருமி உள்ளே போயிருக்கிறது. உடனே திருச்சிக்கு அழைத்துப்போனோம். மகப்பேறு டாக்டர் பால் கொடுக்கிறவர்களுக்கு ஒத்துவருகிற ஆன்டிபயாடிக் எழுதினார். "காய்ச்சலோட பால் குடுக்கலாமா டாக்டர்?" என்று சம்பந்தியம்மா கேட்டார். "குடுக்கணும்மா. பால் தங்குனாதான் இது அதிகமாகும்" என்றார் டாக்டர்.

அன்று திரும்பி வரும்போது கோகிலா காரில் மெதுவாகச் சொன்னாள். "அத்தை, என்னால முடியலன்னா பவுடர் பால் குடுத்துடலாமா? கேவலமா நினைப்பாங்களா?" உன் மாமியார் வாயைத் திறந்தார். நான் அவர் கையை மெதுவாக அழுத்தினேன். "முடியலன்னா கொடுத்துடலாம். டாக்டர்கிட்ட கேட்டு சரியான பாலா வாங்கிக்கலாம். யாரும் எதுவும் நினைக்க மாட்டோம். நினைச்சா அது அவங்க பாடு" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். மணப்பாறை ரயில்வே கேட்டில் கார் நின்றபோது, "இந்த மாத்திரை முடியற வரைக்கும் பாக்கறேன். அப்புறம் நானே சொல்றேன்" என்றாள். தன்னால் நிறுத்திக்கொள்ளவும் முடியும் என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குத் தொடர்கிற தைரியம் வந்தது என்று நினைக்கிறேன். மாத்திரை முடிந்தபோது காய்ச்சலும் கட்டியும் போயிருந்தன, அவள் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

இன்னொன்றையும் அன்று காரில் சொன்னாள். அதையும் எழுதச் சம்மதித்திருக்கிறாள். வலி ஆரம்பித்த புதிதில் உன்னிடம் போனில் சொல்ல முயன்றாளாம். "பால் குடுக்கறப்ப வலிக்குதுங்க" என்றாளாம். நீ, "எல்லாரும் குடுக்கறதுதானே, பழகிடும்" என்றாயாம். அதன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. நீ கொடுமைக்காரன் இல்லை, எனக்குத் தெரியும். ஏதோ வேலை நடுவில் நல்ல வார்த்தையாக நினைத்துத்தான் சொல்லியிருப்பாய். ஆனால் அந்த ஒரு வரியில் அவள் வாய் அடைத்துப்போனது. உன் சைட்டில் ஒருவனுக்கு வெல்டிங் பொறி பட்டுக் கை புண்ணானால் பழகிடும் என்று சொல்வாயா? எந்த இடத்தில் பட்டது, கையுறை சரியாக இருந்ததா என்றுதானே கேட்பாய்? வீட்டிலும் அப்படிக் கேள். அது போதும்.

அவர்கள் இங்கே வந்த பிறகு நீ செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, ஆனால் ஒன்றும் பெரிதல்ல. அவள் பால் கொடுக்க உட்காரும்போது முதுகுக்குத் தலையணை வை. கைக்கு எட்டுகிற இடத்தில் தண்ணீர் வை. பால் கொடுக்கும்போது தொண்டை வறண்டுபோகும். குழந்தையை அவளிடம் எடுத்துக் கொடு, குடித்து முடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விட வை, அந்த நேரம் அவள் காம்பைக் காற்றில் காயவிட்டுக்கொள்ளட்டும். பாலாடையைக் கொதிநீரில் போட்டு எடுப்பதை நீ ஏற்றுக்கொள். பாப்பாவைப் பார்க்க உன் ஆபீஸ் ஆட்கள், திருவானைக்காவல் அத்தை வீட்டார், கீழ்வீட்டுக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். அந்த நாற்காலியை உன் அப்பா இன்னும் வைத்திருக்கிறாரா என்று கேட்காதே, வேறு நாற்காலி போட்டுக்கொள். மார்பு அவளுக்கு இப்போதுதான் புண் ஆறியிருக்கிற இடம். புருஷன் என்ற உரிமையில் கை வைப்பதற்கு முன் அவளைக் கேள். இதை ஒரு தாய் மகனுக்கு எழுதுவது உனக்கு ஒருமாதிரி இருக்கலாம். இருக்கட்டும்.

தொடர்வதா நிறுத்துவதா என்று அவள் எப்போது எதை முடிவு செய்தாலும், உன் கருத்தை அவள் கேட்டால் மட்டும் சொல். மறுபடி ஒருநாள் வலிக்கும், பல் முளைக்கும்போது கடிக்கும், பிடிப்பு மாறும். அப்போது 'போன தடவை சரியாச்சே' என்று சொல்லாமல் உடனே டாக்டரிடம் கூட்டிப்போ.

போன புதன்கிழமை உன்னோடு அவள் போனில் சண்டை போட்டாளே, பெயர் வைக்கிற விசேஷத்துக்கு உன் ஆபீஸ்காரர்கள் எல்லோரையும் அழைப்பதா வேண்டாமா என்று. நான் எதிரில் உட்கார்ந்து பாப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார். கோகிலா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "அத்தன பேருக்கு அந்த ஹாலு எப்படிங்க பத்தும்? யோசிச்சுத்தான் பேசறீங்களா?" என்று கத்திக்கொண்டே ரவிக்கையைத் தளர்த்திக் குழந்தையை அணைத்து வைத்தாள். வலது பக்கம். நீ ஏதோ சொன்னாய், அவள் அதற்கு மேலே ஒன்று சொன்னாள். சாம்பார் வாளி தூக்க ஆள் வேண்டாமா, பந்தி போட இடம் வேண்டாமா என்று சண்டை போய்க்கொண்டிருந்தது. பிறகு நீ, "பாப்பா என்ன பண்றா?" என்று கேட்டிருக்கிறாய். அவள் குனிந்து பார்த்தாள். பாப்பா கண்ணை மூடி, தாடை அசைய அசைய, மடக் மடக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ குடித்துக்கொண்டிருக்கிறது. கோகிலா அப்போதுதான் கவனித்தாள். பேச்சு நின்றது. அவள் கால்விரல்களைப் பார்த்தேன். தளர்ந்து கிடந்தன.

"ஹலோ? கோகிலா? என்னாச்சு?" என்று நீ கேட்டது எனக்கே கேட்டது.

"ஒண்ணுமில்லங்க" என்றாள்.

ஒன்றும் இல்லைதான். கொஞ்சம்கூட வலிக்கவில்லை.

உன் அம்மா